கைக்கு வந்த பந்து ஏன் நழுவுகிறது?

2025 நவம்பர் 2. நவி மும்பை டி.ஒய்.பாட்டீல் மைதானம். மழையால் தாமதமாகத் தொடங்கிய மகளிர் உலகக் கோப்பை இறுதிப் போட்டி நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருக்கிறது. தென்னாப்பிரிக்காவுக்கு இலக்கு 299. கேப்டன் லாரா வோல்வார்ட் சதம் கடந்து 101-ல் நிற்கிறார். அவர் களத்தில் இருக்கும்வரை கோப்பை யாருக்கு என்று சொல்ல முடியாது. 42-வது ஓவரை வீச தீப்தி ஷர்மா வருகிறார். வோல்வார்ட் தூக்கி அடிக்க, பந்து விளக்கு வெளிச்சத்துக்குள் ஏறுகிறது. எல்லைக்கோட்டுப் பக்கமிருந்து அமன்ஜோத் கௌர் ஓடி வருகிறார். பந்து கையில் பட்டுத் தெறிக்கிறது. இரண்டாவது முயற்சியிலும் நிற்கவில்லை. உடல் சரிந்து தரையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது, மூன்றாவது முறை ஒற்றைக் கையில் சிக்குகிறது.

தென்னாப்பிரிக்கா 246 ரன்னில் சுருண்டது. 52 ரன் வித்தியாசத்தில் இந்தியப் பெண்கள் முதல்முறையாக உலகக் கோப்பையைத் தூக்கினார்கள். தச்சரான அப்பா செதுக்கிக் கொடுத்த மட்டையோடு ஆடத் தொடங்கிய மொஹாலிப் பெண்ணின் கையில் அந்த ஆட்டத்தின் திருப்பம் இருந்தது.

அந்தக் காட்சியை நாடே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது. எல்லோரும் கையைப் பார்த்தார்கள். இன்னொருமுறை பார்க்க வாய்த்தால் தலையைக் கவனியுங்கள். பந்து எங்கெங்கே துள்ளியதோ அங்கெல்லாம் முகம் போகிறது. ஒரு கணமும் பார்வை விலகவில்லை. மூன்றாவது வாய்ப்பு கிடைத்ததே அதனால்தான்.

அதற்கு மூன்று நாள் முன்பு, அதே மைதானத்தில் அரையிறுதி. ஆஸ்திரேலியா குவித்த 338 ரன்னைத் துரத்தியபோது ஜெமிமா ரோட்ரிக்ஸ் 82-ல் ஒரு கேட்ச் கொடுத்தார். விக்கெட் கீப்பர் அலிசா ஹீலி கோட்டை விட்டார். 106-ல் இன்னொன்று, தாலியா மெக்ராத் தவறவிட்டார். ஜெமிமா கடைசிவரை நின்று 127 அடித்தார். உலகின் ஆகச்சிறந்த ஃபீல்டிங் அணி என்று பெயரெடுத்த ஆஸ்திரேலியா, லட்டு மாதிரி வந்த பந்துகளை விட்டு வீட்டுக்குப் போனது.

இந்த இரண்டு இரவுகளுக்குப் பிறகு டீக்கடையிலும் அலுவலகத்திலும் கேட்ச்தான் பேச்சாக இருந்தது. பேசுகிறவர்களில் பலர் அதை அதிர்ஷ்டம் என்கிறார்கள். சிலர் பிறவித் திறமை என்கிறார்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை. கேட்ச் என்பது கற்றுக்கொடுத்தால் வருகிற வித்தை. நம் மைதானங்களில் அதைக் கற்றுக்கொடுப்பதே இல்லை என்பதுதான் பிரச்னை.

கடைசிப் பத்து நிமிடம்

சனி, ஞாயிறு காலை ஆறரை மணிக்கு எந்த ஊரில் எந்த கிரிக்கெட் கோச்சிங் மைதானத்துக்குப் போனாலும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். பேட், பேடு, ஹெல்மெட் நிறைந்த பையை இழுத்துக்கொண்டு வரும் பிள்ளைகள். வேலியோரம் ஸ்கூட்டரில் சாய்ந்து நிற்கும் பெற்றோர். வலைக்குள் இரண்டு மணி நேரம் பேட்டிங்கும் பவுலிங்கும். வெயில் ஏறி, எல்லோரும் களைத்த பிறகு, கடைசிப் பத்து நிமிடம் ‘ஃபீல்டிங்’. வரிசையாக நிறுத்தி, கோச் மட்டையால் பந்தை வானத்துக்குத் தூக்கி அடிப்பார். பிடித்தவன் வரிசையின் பின்னால் போய் நிற்பான். விட்டவனுக்கு மைதானத்தை ஒரு சுற்று ஓடும் தண்டனை.

பேட்டிங்கில் ஒரு பையன் தவறு செய்தால் முழங்கை எங்கே இருந்தது, கால் எங்கே போனது என்று பிரித்துச் சொல்கிறார்கள். கேட்சை விட்டால் கிடைப்பது ஒரே வசனம்: “கவனமா இருடா!” அவன் கவனமாகத்தான் இருந்தான். அவனுடைய கால் தாமதமாக நகர்ந்தது, அல்லது கை விறைத்திருந்தது, அல்லது கடைசி நொடியில் முகத்தைத் திருப்பினான். எது என்று யாரும் சொல்லாதவரை அடுத்த வாரமும் விடுவான்.

டெஸ்ட் கிரிக்கெட்டில் விழும் விக்கெட்டுகளில் பாதிக்கு மேல் கேட்சால் விழுகின்றன. அந்த வேலைக்குக் கிடைப்பது பயிற்சியின் களைத்துப்போன கடைசித் துண்டு.

கைக்கு முன்னால் கால், காலுக்கு முன்னால் கண்

உயரமாக எழும்பிய பந்து எங்கே விழும் என்று ஃபீல்டருக்கு எப்படித் தெரிகிறது? 1968-ல் செவில் சாப்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் பேஸ்பாலை வைத்து இதற்கு ஒரு விடை சொன்னார். 1993-ல் பீட்டர் மெக்லியோட், ஜோல்டான் டீனஸ் என்ற இருவர் ‘நேச்சர்’ இதழில் அதை மேலும் துலக்கினார்கள். ஓடும் ஃபீல்டர் மனசுக்குள் எந்தக் கணக்கும் போடுவதில்லை. பந்தைப் பார்க்கப் பார்க்க அவர் பார்வை மேலே ஏறுகிறதல்லவா, அந்த ஏற்றம் சீராக இருக்கும்படி தன் ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் போகிறார், அவ்வளவுதான். ஏற்றம் வேகமெடுத்தால் பந்து தலைக்கு மேல் போகப்போகிறது, பின்னால் ஓட வேண்டும். ஏற்றம் தளர்ந்தால் முன்னால் விழப்போகிறது, உள்ளே பாய வேண்டும். விழும் இடத்துக்கு முன்கூட்டியே போய்க் காத்திருப்பவர் அபூர்வம். பெரும்பாலானவர்கள் பந்து கைக்கு வரும் கணத்திலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நேராக நம்மை நோக்கி அடிக்கப்பட்ட உயரப் பந்து ஏன் இவ்வளவு ஏமாற்றுகிறது என்பதும் இதில் விளங்கும். பக்கவாட்டில் போகும் பந்தின் வளைவு கண்ணுக்குத் தெரிகிறது. நேரே வரும் பந்தில் வளைவு தெரியாது, மேலேறும் பார்வை ஒன்றுதான் துப்பு. புதிதாக ஆடும் பிள்ளை முதல் நொடியில் இரண்டடி முன்னால் ஓடிவிட்டு, பிறகு தடுமாறிப் பின்வாங்குவது இதனால்தான். மட்டையில் பட்டதும் அரை நொடி நின்று பார், பிறகு நகர் என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் இந்தத் தடுமாற்றம் பாதி குறையும்.

இந்த அறிவு கண்ணுக்கு வர ஒரே வழி, தொலைவிலிருந்து அடித்த நிறையப் பந்துகளைத் துரத்துவது. பத்தடி தூரத்தில் நின்று தூக்கிப் போடும் பந்தில் அது வராது.

ஓடும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு ஓடினால் வேகம் குறையும், தலை குலுங்கும். தலை குலுங்கினால் பந்து கண்ணில் நடுங்கும். சாதாரணமாகக் கை வீசி ஓடி, கடைசி இரண்டு மூன்று எட்டில் வேகத்தைத் தணித்துக் கையை விரிப்பவர்தான் பிடிக்கிறார். பின்னால் போக வேண்டியிருந்தால் குதிகாலை வைத்துப் பின்னோக்கி நடக்கக் கூடாது. உடலைப் பக்கவாட்டில் திருப்பி ஓட வேண்டும். பின்னோக்கி நடந்த பிள்ளைகள் மல்லாந்து விழுவதைப் பள்ளி மைதானங்களில் நிறையப் பார்க்கலாம்.

கை பின்வாங்கும் கணக்கு

சிவப்புப் பந்தின் எடை சுமார் 160 கிராம். மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் அது கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விறைத்த கையில் ஐந்து சென்டிமீட்டர் தூரத்துக்குள் அதை நிறுத்தினால் உள்ளங்கை தாங்கும் சராசரி விசை கிட்டத்தட்ட 147 கிலோ எடைக்குச் சமம். அதே பந்தை, கையை உடலோடு பின்னால் இழுத்தபடி முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் நிறுத்தினால் விசை 24 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். ஆறில் ஒரு பங்கு.

கோச்சுகள் ‘சாஃப்ட் ஹேண்ட்ஸ்’ என்று சொல்வது இதைத்தான். பந்து தொடுகிற கணத்தில் முழங்கை மடிந்து, கை பந்தோடு சேர்ந்து பின்னால் போக வேண்டும். கை பின்வாங்கினால் வலி குறையும், பந்து தெறித்து வெளியே போவதும் குறையும். இரண்டு பலனுக்கும் காரணம் ஒன்றே. பிள்ளைகளோ வலிக்குப் பயந்து கையை விறைக்கிறார்கள். விறைத்ததால் இன்னும் வலிக்கிறது. அடுத்த பந்துக்கு இன்னும் விறைக்கிறார்கள்.

[பெட்டி] எந்த வயதுக்கு எந்தப் பந்து?
ஆண்கள் கிரிக்கெட்: 155.9 முதல் 163 கிராம்.
பெண்கள் கிரிக்கெட்: 140 முதல் 151 கிராம்.
13 வயதுக்கு உட்பட்டவர்கள்: 133 முதல் 144 கிராம், சுற்றளவும் குறைவு.
எம்.சி.சி. விதிநூல் வகுத்த அளவுகள் இவை. பத்து வயதுப் பிள்ளையின் உள்ளங்கைக்குள் பெரியவர்களின் பந்து முழுதாக அடங்காது. கடையில் பந்து வாங்கும்போது அதன் மேல் அச்சிட்ட எடையைப் பார்த்து வாங்குங்கள்.

விரல் எந்தப் பக்கம்?

மார்புக்குக் கீழே வரும் பந்துக்கு விரல்கள் தரையைப் பார்க்க வேண்டும், இரண்டு சுண்டு விரலும் ஒட்டியிருக்க வேண்டும். மார்புக்கு மேலே வரும் பந்துக்கு விரல்கள் வானத்தைப் பார்க்க வேண்டும், கட்டை விரல்கள் சேர வேண்டும். எந்த நிலையிலும் விரல் நுனி பந்தை நேராகக் குத்திப் பார்க்கக் கூடாது. விரல் காயங்கள் பல இந்த ஒரு தவறில்தான் வருகின்றன.

வானத்திலிருந்து இறங்கும் பந்துக்கு மட்டும் இரண்டு முறைகள் உண்டு. சுண்டு விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையை மேலே காட்டி, முகத்துக்கு முன்னால் ஏந்தி மார்போடு அணைப்பது பழைய முறை. கட்டை விரல்களைக் கோத்து, உள்ளங்கையை வெளியே காட்டி, நெற்றிக்கு மேலே பிடிப்பது ஆஸ்திரேலிய முறை. பின்னதில் கடைசிவரை பந்தும் கையும் ஒரே பார்வையில் இருக்கும். முன்னதில் பந்து நழுவினாலும் மார்பு தாங்கும், இரண்டாவது வாய்ப்பு கிடைக்கும். எது உயர்ந்தது என்ற சண்டை முடிந்தபாடில்லை. என்னைக் கேட்டால், சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டையும் காட்டிவிட்டு எது வாகாக வருகிறதோ அதில் விட்டுவிடலாம். பந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது மனசு மாறி, பாதியில் கையைத் திருப்புவதுதான் கேட்சைக் கெடுக்கிறது.

ஸ்லிப்பில் கதை வேறு. விளிம்பில் பட்டுவரும் பந்து அரை நொடிக்கும் குறைவாக வந்துவிடும், யோசிக்க நேரமில்லை. அங்கே நிற்பவர் உடல் எடையை முன்பாதத்தில் வைத்து, தாழ்வாகக் குனிந்து, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டுக் காத்திருக்கிறார். முதல் ஸ்லிப் பந்துவீச்சாளர் கையிலிருந்தே பந்தைத் தொடர்வார். மற்றவர்கள் மட்டையின் விளிம்பில் கண்ணை வைப்பார்கள். ராகுல் டிராவிட் 164 டெஸ்ட்டில் 210 கேட்ச் பிடித்தது இப்படி ஒவ்வொரு பந்துக்கும் குனிந்து நிமிர்ந்துதான். 2025 ஜூலையில் லார்ட்ஸ் மைதானத்தில் கருண் நாயரின் கேட்சைப் பிடித்து ஜோ ரூட் அந்தச் சாதனையைத் தாண்டினார்.

இன்னும் நெருங்கி, ஷார்ட் லெக்கில், ஹெல்மெட் இல்லாத காலத்தில் நின்றவர் ஏக்நாத் சோல்கர். மும்பை பி.ஜே.இந்து ஜிம்கானா மைதானப் பராமரிப்பாளரின் மகன். 27 டெஸ்ட்டில் 53 கேட்ச். 1971 ஆகஸ்ட்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் நம் சென்னைக்காரர் வெங்கட்ராகவன் பந்தில் ஆலன் நாட்டை அவர் தாவிப் பிடித்தது இந்திய கிரிக்கெட்டின் அழியாத காட்சி. அன்று இங்கிலாந்து 101-ல் சுருள, அந்த மண்ணில் இந்தியா முதல் டெஸ்ட் வெற்றி கண்டது. வெங்கட்ராகவனும் நெருக்கத்தில் நின்று 57 டெஸ்ட்டில் 44 கேட்ச் பிடித்தவர். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட் என்ற சுழற்பந்து நால்வரின் புகழில் இந்தக் கைகளுக்கும் பங்கு உண்டு. சுழற்பந்துவீச்சைப் போற்றும் அளவுக்கு இந்தக் கைகளைப் போற்றாதது நம் குறை.

[பெட்டி] நழுவியதன் விலை
1990, லார்ட்ஸ்: கிரஹாம் கூச் 36-ல் இருந்தபோது கிரண் மோரே விட்டார். கூச் அடித்தது 333.
1994, எட்ஜ்பாஸ்டன்: பிரையன் லாரா 18-ல் இருந்தபோது டர்ஹாம் கீப்பர் கிறிஸ் ஸ்காட் விட்டார். லாரா ஆட்டமிழக்காமல் 501.
1999 உலகக் கோப்பை, லீட்ஸ்: ஸ்டீவ் வா 56-ல் கொடுத்த கேட்சைப் பிடித்த ஹெர்ஷல் கிப்ஸ், அதைத் தூக்கியெறிந்து கொண்டாடும் அவசரத்தில் நழுவவிட்டார். வா ஆட்டமிழக்காமல் 120. கோப்பை ஆஸ்திரேலியாவுக்கு.
2025, லீட்ஸ்: பென் டக்கெட் 97-ல் கொடுத்த கேட்சை யஷஸ்வி ஜெய்ஸ்வால் விட்டார். டக்கெட் 149. ஒரே டெஸ்ட்டில் ஐந்து சதம் அடித்தும் இந்தியா தோற்றது; இங்கிலாந்து 371-ஐத் துரத்தி முடித்தது.

தேர்டு மேனுக்குத் துரத்தப்படும் பையன்

பெரிய ஆட்டக்காரர் விட்ட கேட்சைப் பற்றிப் பத்து நாள் பேசுகிறோம், பிறகு அவர் சதமடித்ததும் மறந்துவிடுகிறோம். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அப்படி வாய்ப்பதில்லை.

பள்ளி ஆட்டத்தில் அவன் மிட் ஆஃபில் ஒரு கேட்சை விடுகிறான். பந்துவீசிய நண்பன் முறைக்கிறான். கேப்டன் கையை அசைத்து அவனை தேர்டு மேனுக்குப் போகச் சொல்கிறான். அங்கே பந்து அபூர்வமாகத்தான் வரும். அடுத்த ஆட்டத்திலும் அதே இடம். ஒரு பருவம் முழுக்க அவன் கைக்குக் கேட்சே வராது. எப்போதாவது ஒன்று வரும்போது கை பழக்கமின்றி விறைத்திருக்கும், கால் நகராது, மறுபடி விடுவான். “இவன் கையில ஓட்டைடா” என்ற பெயர் நிலைத்துவிடும். யாருக்குப் பயிற்சி அதிகம் வேண்டுமோ அவனைப் பந்தே வராத இடத்தில் நிறுத்தி வைக்கிறோம். இதைத் திட்டமிட்டு யாரும் செய்வதில்லை என்றாலும், ஏராளமான பிள்ளைகள் இப்படித்தான் ஆட்டத்தை விட்டே போகிறார்கள்.

பெண் குழந்தைகளுக்கு இந்த ஒதுக்கல் இன்னும் முன்பே தொடங்கிவிடுகிறது. அண்ணனும் தம்பியும் மாடியில் பந்து வீசி விளையாடும்போது தங்கை கையில் பந்து வருவதில்லை. பதினான்கு வயதில் பள்ளி அணியில் சேர்ந்து, முதல்முறையாக கார்க் பந்தை எதிர்கொள்ளும் பெண்ணுக்குப் பயம் வராமல் என்ன செய்யும்?

பயத்துக்கு உடல்ரீதியான காரணமும் இருக்கிறது. விரல் நுனியில் பந்து மோதினால், கடைசிக் கணுவை நிமிர்த்தும் தசைநார் அறுந்து நுனி தொங்கிப்போகும். எலும்பு மருத்துவர்கள் இதை மேலட் ஃபிங்கர் என்பார்கள். ஆறிலிருந்து எட்டு வாரம் இரவு பகலாகச் சிம்பு வைத்து, விரல் நுனியை நேராக வைத்திருக்க வேண்டும். இடையில் ஒருமுறை மடங்கினாலும் பழையபடி நாள் எண்ண வேண்டியதுதான். நம் மைதானங்களில் வழக்கமாக நடப்பதோ வேறு. கூட இருப்பவர் விரலைப் பிடித்துச் சுண்டி இழுப்பார், கொஞ்சம் தைலம் தேய்ப்பார், ஆட்டம் தொடரும். தயவுசெய்து இழுக்க விடாதீர்கள். ஐஸ் வையுங்கள், நுனி தானாக நிமிரவில்லை என்றால் அன்றே எக்ஸ்ரே எடுங்கள்.

“என்னுது!”

இரண்டு பேருக்கு நடுவே எழும்பிய பந்து தனி ஆபத்து. 1999 செப்டம்பரில் கண்டி டெஸ்ட்டில் மஹேல ஜெயவர்தனவின் கேட்சுக்காக ஸ்டீவ் வாவும் ஜேசன் கில்லெஸ்பியும் எதிரெதிரே ஓடி மோதிக்கொண்டார்கள். வாவுக்கு மூக்கு உடைந்தது, கில்லெஸ்பிக்குக் கால் எலும்பு முறிந்தது. உலகத் தர ஆட்டக்காரர்களுக்கே இந்த நிலை. “என்னுது!” என்று முதலில் உரக்கச் சொன்னவருக்கே பந்து, மற்றவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பதை முதல் நாளே பழக்க வேண்டும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளுக்குக் கை நுட்பத்தைவிட இந்தக் குரல் வருவதுதான் கஷ்டம்.

எல்லைக்கோட்டில் காலுக்கும் ஒரு கண் வேண்டும். 2024 ஜூன் 29, பார்படாஸில் டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் கடைசி ஓவர். டேவிட் மில்லர் அடித்த பந்தைப் பிடித்த சூர்யகுமார் யாதவ், வேகத்தில் கோட்டைத் தாண்டப்போவதை உணர்ந்து பந்தை மேலே விட்டெறிந்தார். வெளியே போய், உள்ளே வந்து, மறுபடி பிடித்தார். இந்தியா 7 ரன்னில் வென்றது. இதற்கு நேர்மாறாக 2025 ஓவல் டெஸ்ட்டில், ஹாரி புரூக் 19-ல் கொடுத்த கேட்சை முகமது சிராஜ் சுத்தமாகப் பிடித்தும் கால் கோட்டுக்கு மேல் பட்டுவிட்டது. புரூக் 111 வரை போனார். மறுநாள் அதே சிராஜ் பந்துவீச்சில் இந்தியா 6 ரன்னில் தப்பித்தது. கோட்டுக்கு வெளியே காற்றில் குதித்துக் குதித்துப் பந்தைத் தட்டும் வித்தைக்கும் 2025 ஜூனில் கடிவாளம் விழுந்தது. வெளியிலிருந்து எழும்பி ஒரே ஒருமுறைதான் பந்தைத் தொடலாம், பிறகு உள்ளேதான் தரையிறங்க வேண்டும்.

தெரு கற்றுக்கொடுத்த பாடம்

நம் தெருக்களில் ஒரு அருமையான விதி இருக்கிறது: ஒன் பிட்ச் கேட்ச். பந்து ஒருமுறை தரையில் பட்டு எழும்பினாலும் ஒற்றைக் கையில் பிடித்தால் அவுட். குறுகலான சந்தில் எல்லோரும் மட்டைக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருப்பதால் பிறந்த விதி. அது ஒரு பிள்ளைக்கு என்னவெல்லாம் தருகிறது என்று பாருங்கள். பந்து மென்மையானது, வலி இல்லை. சுவரில், மின்கம்பத்தில், கேட்டில் பட்டு எந்தத் திசையிலும் வரும், ஆகவே கண் விலகாது. ஒற்றைக் கை என்பதால் உள்ளங்கை பந்தை அணைத்து வாங்கப் பழகும். ஒரு மாலைப்பொழுதில் முப்பது நாற்பது தடவை கைக்கு வரும். காசு கட்டிச் சேரும் பயிற்சியில் ஒரு பிள்ளைக்கு அந்தப் பத்து நிமிடத்தில் கிடைப்பது நான்கோ ஐந்தோ.

தெரு குறைந்துகொண்டே வருகிறது. வண்டிகள் நிறுத்த இடம் வேண்டும், ஜன்னல் கண்ணாடிக்குப் பயம். அந்த இழப்பைக் கோச்சிங் மைதானங்கள்தான் ஈடுகட்ட வேண்டும். செலவு ஒன்றும் இல்லை. பயிற்சியின் முதல் இருபது நிமிடத்தை, உடம்பு புதிதாக இருக்கும்போதே, டென்னிஸ் பந்தோடு கேட்சுக்குக் கொடுக்கலாம். நாற்பது பேரை ஒரே வரிசையில் நிறுத்தாமல் இரண்டிரண்டு பேராகப் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் ஐம்பது பந்து கிடைத்துவிடும். தண்டனை ஓட்டத்தை நிறுத்திவிட்டு, ஏன் நழுவியது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லலாம். போட்டியில் கேட்ச் விட்ட பிள்ளையை அடுத்த ஓவரிலும் அதே இடத்தில் நிறுத்தலாம். கேப்டனாக இருக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது கோச்சின் பொறுப்பு.

[பெட்டி] வீட்டு மாடியில் தொடங்க
சாக்ஸை உருண்டையாகச் சுருட்டித் தூக்கிப் போடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளையும் பயமின்றிப் பிடிக்கும்.
அடுத்து டென்னிஸ் பந்து. பந்தில் பேனாவால் ஒரு எண் எழுதி, பிடிப்பதற்கு முன் அது என்ன என்று சொல்லச் சொல்லுங்கள். பார்வை தானாகக் கடைசிவரை நிற்கும்.
பிடித்த சத்தம் கேட்கக் கூடாது என்று பந்தயம் வையுங்கள். சத்தம் குறைந்தால் கை பின்வாங்குகிறது என்று அர்த்தம்.
பிறகு சுவரில் அடித்துத் திரும்பி வருவதைப் பிடிக்கட்டும். ஒவ்வொரு வாரமும் சுவருக்கு ஓரடி நெருங்கி நிற்கட்டும்.
டென்னிஸ் பந்தில் இருபதுக்குப் பதினெட்டு பிடிக்கிறபோது, அந்த வயதுக்கான எடை குறைந்த கார்க் பந்தை எடுங்கள். முதல் நாள் நீங்களே கீழ்க்கையால் மெதுவாகப் போடுங்கள், மட்டையால் அடிக்க வேண்டாம்.